இரண்டாய் வெட்டிய வேலை

கோட்டாறில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது ஜாஸ்பின் வேலை பார்த்த கம்பெனி. ஆலைகளில் ஓடும் இயந்திரங்களுக்கு மூளை செய்து கொடுக்கிற இடம் என்று மாமியாருக்கு அவள் விளக்கியிருந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதற்குள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். மாவட்டம் முழுக்க ரப்பர் ஆலைகளிலும் ஐஸ் பிளாண்டுகளிலும் அந்தப் பெட்டிகள் தொங்கின. பெட்டியை மற்றவர்கள் பூட்டினார்கள். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது ஜாஸ்பின்.

குலசேகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் ஆலையில் பெண்ணொருத்தியின் கை ரோலரில் மாட்டிக்கொண்ட செய்தியை முதலாளி ஆன்ஸ்லின்தான் வந்து சொன்னார். அவர் கல்லூரியில் ஜாஸ்பினுக்கு மூத்தவர். மகள் பிளஸ்ஸி பிறந்தபின் வீட்டிலேயே இருந்துவிட்டவளைத் தேடி புதுக்கடையில் உள்ள வீட்டுக்கு வந்து, வேலைக்கு வா என்று கூப்பிட்டவர். அவளுக்கு அவர் அண்ணன்தான், சார் இல்லை.

பகவதியம்மாள் என்று ஒரு அம்மா, உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலை ரோலருக்குள் தள்ளும் வேலை, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது என்றார். பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய் கரண்டை நிறுத்தியிராவிட்டால் முழங்கை வரை போயிருக்கும். ஆலையில் விசாரித்து முடித்துவிட்டார்களாம். கவனக்குறைவுதான் காரணமாம். அங்கே மாட்டியிருந்த இவர்களின் பெட்டியின்மேல் குற்றமில்லையாம். இதைச் சொல்லும்போது ஆன்ஸ்லினின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்புறம் நாற்காலியை விட்டு எழும்பியபடியே, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த அம்மா என்னெல்லாமோ சொல்லுதாம். சிவப்பு லைட் எரிஞ்சுதாம், ஆனா ரோலர் நிக்கல்லியாம். லைட் எரிஞ்சா ரோலர் நிக்கணும்லா? பயத்துல ஒளறுது, பாவம்."

ஜாஸ்பின் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா உளறவில்லை என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெட்டிக்குள் பல வேலைகள் சேர்ந்து நடக்கும். மோட்டாரின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது ஒன்று. ரோலரின் முன்னால் கை வருகிறதா என்று கவனிப்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. நாள் கணக்கிலோ மணிக்கணக்கிலோ இல்லை, கண் இமைக்கிற நேரத்தில் ஒரு சின்னப் பங்கு. யாருடைய கெடு முதலில் முடிகிறதோ அந்த வேலை முதலில் நடக்க வேண்டும். கணக்கை ஒழுங்காகப் போட்டு வைத்தால் எந்தக் கெடுவும் தவறாது. இந்த வேலைகளைச் செய்ய உள்ளே இரண்டு ஆட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நேரத்தில் ஆலைக்காரர்கள் ஒரு திரை கேட்டார்கள். மேனேஜர் தன் அறையில் இருந்தபடியே எவ்வளவு ரப்பர் ஓடியது என்று படமாகப் பார்க்க வேண்டுமாம். படம் வரையும் வேலையையும் பெட்டிக்குள் ஏற்றியபோது இடம் முட்டியது. முதல் ஆளிடம் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது, இரண்டாம் ஆளிடமும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் கையைக் கவனிக்கும் வேலையை முழுசாகத் தூக்கி வைக்க இருவரிடமும் இடமில்லை. இப்படி வரும்போது ஒரு வேலையை இரண்டாய் வெட்டி ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பார்கள். எல்லா ஊரிலும் செய்கிறதுதான், அதில் தப்பில்லை. எதை வெட்டுகிறோம், வெட்டிய துண்டுகளை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மோட்டாருக்கும் திரைக்கும் உள்ள புரோகிராம்கள் வெளியே விலைக்கு வாங்கியவை, பிரித்துப் பார்க்க முடியாது. கையைக் கவனிப்பது ஜாஸ்பின் எழுதியது. கைக்கு எட்டியதை வெட்டினாள்.

முதல் துண்டு, கை வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் சிவப்பு விளக்கைப் போட்டு, செய்தியை வைத்துவிட்டுப் போகும். இரண்டாம் துண்டு அந்தச் செய்தியை எடுத்து பிரேக்கைப் போடும். இவ்வளவு நேரத்துக்குள் முதல் துண்டு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சரியாக அந்த நேரத்தில் இரண்டாம் துண்டை எழுப்பிவிடும்படி அவள் எழுதினாள். முடிந்ததா என்று கேட்டுவிட்டு எழுப்பவில்லை. கேட்பதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்சமும் அன்றைக்குக் கையில் இல்லை.

திரையில் படம் மாறுகிற சமயம் மட்டும் முதல் துண்டு ஒரு நூல் பிந்தும். இரண்டாம் துண்டு வந்து பார்க்கும்போது செய்தி இருக்காது, சும்மா திரும்பிவிடும். செய்தி வந்து விழும்போது எடுக்க ஆளிருக்காது. அடுத்த சுற்றில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கி, அதே கதை. படம் மாறி முடிகிற வரைக்கும் விளக்கு எரியும், பிரேக் விழாது.

இதெல்லாம் விபத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது என்றால் ஜாஸ்பின் ஒருவேளை இரவில் தூங்கியிருப்பாள். ஆலையில் பெட்டியைப் பூட்டிச் சோதித்த அன்று அவள் அதைக் கண்ணால் பார்த்திருந்தாள். ரோலருக்குள் கம்பை நீட்டி நீட்டிப் பார்த்தபோது ஒருமுறை விளக்கு எரிந்தும் ரோலர் கம்பை இழுத்துக்கொண்டு போனது. ஒரே ஒரு முறை. பிரேக்குக்குப் போகும் ஒயர் ஒன்று லூசாக இருந்தது. அதை முறுக்கிவிட்டு மறுபடி பல தடவை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் டக்கென்று நின்றது. ஒயர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாளா? அன்று மாலை மஸ்கட்டிலிருந்து ரெஜின் வருகிறான். இரண்டு வருடம் கழித்து வருகிற புருஷன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக பிளஸ்ஸி புது உடுப்புப் போட்டு வாசலில் நிற்பதாக மாமியார் போன் செய்துகொண்டே இருந்தாள். எல்லாம் சரி என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஜாஸ்பின் வண்டியேறினாள்.

ரெஜின் ஊரில் இருந்த அந்த ஒரு மாதத்தைப்போல ஒரு மாதம் அவளுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் அவன் பிளஸ்ஸியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற போட்டோ இன்னும் போனைத் திறந்ததும் வரும். இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் போட்டோ எடுத்த அன்றைக்கும் அந்த ரோலர் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று தோன்றியது. போட்டோவை மாற்றினாள். அதனால் ஒன்றும் மாறவில்லை.

ரெஜினிடம் போனில் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். வேண்டுமென்று செய்யவில்லையே, மனிதர்களுக்குத் தவறு வரத்தானே செய்யும் என்றெல்லாம் தேற்றினான். பிறகு, "அண்ணைக்கு நீ வரல்லைன்னா நான் ஒரு டாக்சி பிடிச்சு வந்திருப்பேன், ஜாஸ்பின்" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு அன்று எதுவும் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் பொறுத்து ஆன்ஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. சர்வீஸ் என்று அனுமதி வாங்கி, கோயிலுக்குப் போகாமல் இருவரும் ஆலைக்குப் போனார்கள். வழியில் ஒரு வாழைத்தோட்டத்தில் கேட்டு குலை வெட்டிய வாழையின் அடித்தண்டான வாழைத்தடை ஒன்று வாங்கிக் காரில் போட்டுக்கொண்டார்கள். ஜாஸ்பின் அதைக் கையளவு கனத்துக்குக் கீறி, ரோலரை ஓடவிட்டு, மேனேஜர் அறையில் படம் மாறும் நேரம் பார்த்து ரோலருக்கு நேரே நீட்டினாள். முதல் தடவை நின்றது. இரண்டாம் தடவை நின்றது. ஆன்ஸ்லின் பெருமூச்சு விட்டார். அதற்கடுத்த தடவை சிவப்பு விளக்கு எரிய எரிய வாழைத்தடை உள்ளே போனது. மறுபக்கம் நசுங்கிய நார் வந்து விழுந்தது. தண்ணீர் சிமென்ட் தரையில் வழிந்தது.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆன்ஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றார். இந்தப் பெட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நாளைக் காலையிலேயே சர்வீஸ் என்று சொல்லி நிறுத்திவிடலாம், ஒவ்வொன்றாகப் போய் மாற்றிவிடலாம், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். கம்பெனியை நம்பி ஆறு குடும்பம் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார்.

"அந்த அக்காவுக்கு?" என்று கேட்டாள் ஜாஸ்பின்.

"நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. ஆனா ஒண்ணு யோசி. ஆலைக்காரன் கடைசி நேரத்துல திரை கேட்டான். நான் ஒன்னை அவசரப்படுத்துனேன். நீ வெட்டுன. அந்த அம்மாவும் கையைக் கொஞ்சம் கிட்டத்துல கொண்டு போயிருக்கும். எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் உண்டு. நீ ஒருத்தியா எல்லாத்தையும் தலையில தூக்கி வைக்காத."

பிறகு நினைத்து அவள் வெட்கப்பட்டது இதற்குத்தான். அந்தப் பங்கீடு அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து குளித்து, பிளஸ்ஸிக்குத் தலை பின்னிவிட்டு, பல நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த சில நாட்கள் ஆலை ஆலையாகப் போய் புரோகிராமைத் திருத்தும் வேலையில் ஓடின. திருத்தம் லேசானதுதான். கையைக் கவனிப்பதை மறுபடி முழு வேலையாக்கி ஒரே ஆளிடம் கொடுத்தாள். திரைக்குத் தனியாக இன்னொரு சிறு பெட்டி. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். ஒரு வாரம் கூடுதலாக ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

குலசேகரத்து ஆலையில் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அங்கே ரோலர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதைக் கவனித்தாள். சூப்பர்வைசர் கிருஷ்ணமணியிடம் விசாரித்தாள். பெண்களுக்குக் கவனம் பத்தாது என்று மேனேஜர் எல்லோரையும் மாற்றிவிட்டார், இப்போது அவர்கள் ரப்பர் பால் வாளி கழுவுகிறார்கள் என்றான் அவன். பகவதியம்மாள்மேல் எல்லாருக்கும் கோபம். ஒருத்தி கவனமில்லாமல் நின்றதற்கு எங்கள் பிழைப்பு போச்சே என்று பேசுகிறார்களாம். அந்த அம்மாவும் இப்போது கொஞ்சம் ஒரு மாதிரிதான், தனக்கே புத்தி சரியில்லை என்று சொல்கிறதாம் என்று அவன் சிரித்தான்.

ஜாஸ்பின் அன்று கோட்டாறுக்குத் திரும்பவில்லை. வழி கேட்டுக் கேட்டு திருவட்டாறு பக்கத்தில் பகவதியம்மாளின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது மகள் சுபிதா. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு எடுத்திருந்தாள். உள்ளே பகவதியம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆலையிலிருந்து வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இரி மோளே என்று எதிரில் இருந்த ஸ்டூலைக் காட்டினாள். தன் தப்பென்று ஒத்துக்கொண்டாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது.

அன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள் ஜாஸ்பின்.

"அதை இனி கேக்காண்டாம் மோளே. கையுறை ரோலர்ல பிடிச்சுது. லைட்டு எரிஞ்சதைக் கண்டேன்னாக்கும் எனக்குத் தோணுது. இனி நிக்கும்லான்னு இழுக்காம ஒரு நொடி சும்மா நின்னுட்டேன். நிக்கல்ல." கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரும் அப்படி இல்லைன்னு சொல்லுதாவ. படிச்ச ஆளுவளும் சொல்லுதாவ. அப்போ எனக்க கண்ணுதான் பொய் சொல்லியிருக்கும். இப்போ அடுப்பை அணைச்சேனான்னு போய்ப் போய்ப் பாக்கேன். அணைச்சுதான் இருக்கு. ஆனா நம்பிக்கை வரல்ல."

அம்மாவை இப்போது அடுப்புப் பக்கம் விடுவதில்லை என்றாள் சுபிதா.

இழுக்காமல் நின்றுவிட்டேன் என்ற சொல்லுக்குப் பிறகு ஜாஸ்பினுக்கு வேறெதுவும் சரியாகக் காதில் விழவில்லை. அந்த அம்மா விளக்கை நம்பி நின்றிருக்கிறாள். விளக்கு எரிந்தால் ரோலர் நிற்கும் என்று அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே ஜாஸ்பின்தான். பெட்டியைப் பூட்டிய அன்று, எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இந்த விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அந்த வரிசையில் இந்த முகமும் இருந்திருக்க வேண்டும். நினைவில்லை.

"நீங்க கண்டது சரிதான் அக்கா," என்றாள். "லைட் எரிஞ்சது. ரோலர் நிக்கல்ல. உள்ளதாக்கும். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கதை எழுதுனது நான். அதுல தப்பு இருந்துது."

பகவதியம்மாள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஜாஸ்பின் சொன்னாள்.

"அப்போ எனக்குக் கோட்டி இல்லியா?"

"இல்லக்கா."

"கேட்டியாட்டி?" என்று மகள் பக்கம் திரும்பினாள் பகவதியம்மாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நல்ல கையால் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி ஜாஸ்பினைப் பார்த்தபோது முகம் வேறாக இருந்தது. மோளே என்று கூப்பிட்ட வாய் இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

"ஒனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. ஜாஸ்பின் ஒருமுறை கம்பு உள்ளே போனதையும், ஒயரை முறுக்கியதையும், அன்றைக்கு ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, ஏர்போர்ட் என்பது எவ்வளவு சின்னக் காரணமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

வெளியே போங்க என்று சுபிதா எழுந்தாள். ஜாஸ்பினும் எழுந்தாள். பகவதியம்மாள்தான் இருவரையும் நிறுத்தினாள்.

"நீ எனக்க கிட்ட வந்து சொன்னது போதாது. அங்க வந்து சொல்லணும். மேனேஜருக்க முன்னால, எனக்க கூட நின்ன பெண்ணுவளுக்க முன்னால. நான் போய்ச் சொன்னா ஒளறுதுன்னு சொல்லுவாவ."

வருகிறேன் என்றாள் ஜாஸ்பின். வாசலில் இறங்கி நடக்கும்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆலைக்குப் போவதை ஆன்ஸ்லினிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆலையில் வேலை தொடங்குகிற நேரத்தில், மேனேஜரும் கிருஷ்ணமணியும் பெண்களும் சுற்றி நிற்க, பழைய புரோகிராமை மறுபடி ஏற்றி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வாழைத்தடையை நீட்டிக் காட்டினாள். பகவதியம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். விளக்கு எரிந்து தடை உள்ளே போனபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். ஜாஸ்பின் தான் செய்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். யாருக்கும் பங்கு வைக்கவில்லை. கிருஷ்ணமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெண்களில் வயதான ஒருத்தி, கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்பதுபோல, "பின்ன அந்த லைட்டை என்னத்துக்கு வச்சது?" என்று கேட்டாள்.

பெண்கள் திரும்ப ரோலருக்கு வந்தார்கள். பகவதியம்மாளுக்கு எடை போடுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். ஆலை இவர்களின் பெட்டிகளையெல்லாம் கழற்றித் திருப்பி அனுப்பியது, வக்கீல் வழியாகப் பேசியது. வேறு இரண்டு ஆலைகளும் அப்படியே செய்தன. ஆன்ஸ்லின் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. அதில் ஒருவன் ஜெரிஷ், கல்யாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், இந்தப் புரோகிராமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். மேசையிலிருந்து தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போகும்போது அவன் ஜாஸ்பினிடம் போய்வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லாமல் போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவளுக்கு.

அவளை ஆன்ஸ்லின் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மீதிப் பெட்டிகளைத் திருத்த ஆளில்லை. வேலை சம்பந்தமாக மட்டும் பேசினார். அண்ணே என்று அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று எங்கேயோ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். லேசாகவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைத்த இடத்தில் ஜெரிஷ் வந்து உட்கார்ந்துகொண்டான். ஆனாலும் திரும்ப அந்த நாள் வந்தால், திருவட்டாறுக்குப் போகாமல் கோட்டாறுக்கு வண்டியேறியிருப்பாளா என்று கேட்டுப் பார்த்தபோது, இல்லை என்றுதான் தோன்றியது. அந்த ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை.

ஆலை ஆலையாகப் போகும்போது இப்போதெல்லாம் சர்வீஸ் என்று சொல்வதில்லை. எதற்காக வந்திருக்கிறாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியதுதான் எளிதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தக்கலையில் பஸ் ஏறியபோது பகவதியம்மாள் உள்ளே இருந்தாள். ஜன்னலோரம், மடியில் துணிப்பை, பைக்கு அடியில் வலது கை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஜாஸ்பினைக் கண்டாள். உட்காரச் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஜாஸ்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழகியமண்டபம் தாண்டியபிறகு பகவதியம்மாளே கேட்டாள்.

"மத்த இடத்துல உள்ளதெல்லாம் சரியாக்கியாச்சா?"

"இன்னும் ரெண்டு இருக்குக்கா."

"அதுல ஆளு நிக்குதா?"

"இல்ல. ரெண்டையும் நிறுத்திப் போட்டிருக்கு. நான் போய் மாத்துன பெறவுதான் ஓடும்."

பகவதியம்மாள் தலையசைத்தாள். பையை இடது கையால் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியில் ஏறிய வேறு யாரோ அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜாஸ்பின் தன் ஸ்டாப் வரும்வரை நின்றுகொண்டே போனாள்.